பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்…

ஹீரோவும் வில்லனும் காதலித்தால் அந்தக் கதையை எப்படி எழுதுவது? பெங்களூரு மெட்ரோவில் தொடங்கிப் பழையனூர் வரை போய்வந்த ஒரு தேடல்

மாலை ஏழு மணிக்குப் பட்டந்தூர் அக்ரஹாராவில் மெட்ரோ ஏற நாம் காலெடுத்து வைக்க வேண்டியதில்லை. பின்னால் நிற்பவர்களே ஏற்றிவிடுவார்கள். பெண்களுக்கான முதல் பெட்டி. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் கம்பி, மறுகையில் போன் என்று நின்றிருந்த பெண்ணின் திரையில் தமிழ் எழுத்து. கன்னடமும் இந்தியும் இங்கிலீஷும் பார்த்துப் பழகிய கண், தமிழைக் கண்டதும் என் அனுமதி கேட்காமல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது அநாகரிகம்தான். ஆனால் கதாநாயகியை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு, அவளுக்குப் பசிக்குமே என்று தோசை சுட்டுக்கொண்டிருக்கும் ஒருவனை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

“ஆன்டி ஹீரோ கதையாம்மா?” என்றேன்.

அவள் போனை மறைக்கவில்லை. “ஆமாக்கா. நீங்களும் படிப்பீங்களா? நல்லவன் கதைன்னா எனக்கு ஓடாதுக்கா. மூணாவது எபிசோடுலயே தாலி கட்டிட்டு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். இவன்னா நூத்தியெம்பது எபிசோடு தாங்குவான்.”

கதை இதுதான். நாயகிக்கு மின்சாரத்தைக் கைவிரலால் ஓடவிடவும் நிறுத்தவும் முடியும். அவன் நகரத்தையே இருட்டாக்கத் திட்டம் போடுகிறவன். அப்படிப்பட்டவளை ஒரு கயிறு எப்படிக் கட்டிப்போடும் என்று கேட்டேன்.

“அவளால கட்டை அவுக்க முடியும்க்கா. அவுக்க மாட்டேங்கறா. அதான் கதை.”

எழுத்துப் பட்டறைகளில் ஒருநாள் முழுக்கப் பேசியும் நான் கேட்டிராத விளக்கம். ஒலிபெருக்கியில் குந்தலஹள்ளி என்று அறிவித்தார்கள். எனக்குக் குண்டலகேசி காப்பியம் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் ஒலிப் பொருத்தத்தைத் தவிர வேறு சம்பந்தமில்லை. இருந்தாலும் சொன்னேன்: வணிகர் குலத்துப் பத்திரை என்றொரு பெண். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் காளன் என்ற கள்வனை மாடத்திலிருந்து பார்த்தாள். பார்த்ததும் மனத்தைக் கொடுத்துவிட்டாள். தந்தை அரசனிடம் மன்றாடி அவனை மீட்டுக் கல்யாணம் செய்துவைத்தார். ஒருநாள் ஊடலில் ‘நீ கள்வன்தானே’ என்று விளையாட்டாகச் சொன்னாள். அவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போய், கொல்லப்போவதாகச் சொன்னான். சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டாள். மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

அவள் கொஞ்ச நேரம் போனைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்: “தள்ளிவிட்டப்போ அவளுக்கு அவனப் புடிச்சிருந்துச்சா, இல்லையாக்கா?”

நான் பதில் யோசிப்பதற்குள் அல்சூர் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுமந்துகொண்டு போகிறேன். வில்லனோடு காதல் என்பதைப் புதிய மோஸ்தர் என்றும், மேலைநாட்டு காமிக்ஸ்காரர்களிடம் கற்ற கெட்ட பழக்கம் என்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இதற்குப் பழமொழியே உண்டு: பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். வாழ்க்கைப்படுவதைப் பழமொழி தடுக்கவில்லை. மரம் ஏறுவதை மறக்காதே என்று மட்டும் சொல்கிறது. இன்றைய கதைகள் பலவற்றில் எனக்குள்ள தகராறு, மரமே கண்ணில் படுவதில்லை என்பதுதான்.

இந்திராநகர் வெளிச்சத்தில் ஒரு யட்சி

2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா: சாப்டர் 1 சந்திரா’ மலையாளப் படம்தான். ஆனால் அதன் கதை நடப்பது பெங்களூரில். டொமினிக் அருண் இயக்க, துல்கர் சல்மானின் வேஃபேரர் பிலிம்ஸ் தயாரித்த அந்தப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் இரவு நேரக் காபிக் கடையில் வேலை செய்யும் பெண்ணாக வருகிறார். பெயர் சந்திரா. உண்மையில் அவள் கள்ளியங்காட்டு நீலி. எதிர்வீட்டுப் பையன் சன்னிக்கு (நஸ்லென்) அவள்மேல் காதல். உலக அளவில் 300 கோடி ரூபாய்க்குமேல் வசூல் செய்த படம். சூப்பர் ஹீரோ என்றாலே தோள்பட்டை அகலமான ஆண் என்று நினைத்திருந்த வியாபாரிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நீலி அயலூர்க்காரி இல்லை. கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிறது. நகைக்காகக் கணவனே கொன்றுவிட, பேயாகத் திரும்பி வந்து பழிதீர்த்தவள் என்று குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் அவள் கதை பாடப்படுகிறது. பாட்டி சொன்ன கதையில் அவள் வில்லி. திரைக்கு வந்தபோது மன்னனின் கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியாக மாறி, ஹீரோ ஆகிவிட்டாள். படத்தில் உண்மையான வில்லன் மனித உறுப்புக் கடத்தல் கும்பலோடு தொடர்புள்ள போலீஸ்காரன் நாச்சியப்பா. அந்த வேடத்தில் நம்ம சாண்டி மாஸ்டர் பயமுறுத்தியிருக்கிறார்.

படம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குறை மட்டும். யட்சியைக் காதலிக்கும் சன்னி பயப்படுகிறான், ஓடுகிறான், திரும்பி வருகிறான். ஆனால் அவள் யார் ரத்தம் குடித்து இத்தனை காலம் வாழ்ந்தாள் என்று உட்கார்ந்து யோசிக்கும் காட்சி அவனுக்குத் தரப்படவில்லை. எதிர்வீட்டு மாடிப்படி ஏறினான், புளியமரம் ஏறவில்லை.

[பெட்டிச் செய்தி]
நீலிக்குப் பல முகம்

• பழையனூர் நீலி: கணவனால் கொல்லப்பட்டு, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தேடிப் பிடித்தவள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர்’ என்று ஊர்ச்சபையில் அழுதாள். சபையினர் 70 வேளாளர்கள், அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து அவளோடு அனுப்பினார்கள். அவன் இறந்ததும் சொன்ன சொல் காத்துத் தீயில் இறங்கினார்கள். இடம்: திருவாலங்காடு அருகே பழையனூர். ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல் இந்த அழுகையிலிருந்து வந்தது.
• நீலகேசி: ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. சமண முனிவரை மயக்க வந்த அதே பழையனூர்ப் பேய், அவரிடம் தோற்று, அவர் மாணவியாகி, வாதம் செய்து ஊர் ஊராக வெல்கிறது. அவளிடம் வாதத்தில் தோற்பவர்களில் ஒருத்தி, காளனைத் தள்ளிவிட்ட அந்தக் குண்டலகேசி!
• குண்டலகேசி நூலில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 பாடல்கள் மட்டுமே. கதையை நாம் அறிவது பெரும்பாலும் எதிர்நூலான நீலகேசியின் உரையிலிருந்து. வில்லி வீட்டுக்காரர்கள் பாதுகாத்துக் கொடுத்த ஹீரோயின் கதை என்று சொல்லலாம்.

1950: ஒரே வருடம், இரண்டு மலையுச்சி

குண்டலகேசி கதையை மு. கருணாநிதி ‘மந்திரி குமாரி’ ஆக்கினார். மாடர்ன் தியேட்டர்ஸ் படம், 1950. ஹீரோ எம்.ஜி.ஆர். ஆனால் 75 ஆண்டு கழித்தும் அந்தப் படத்தில் ஜனங்கள் நினைவு வைத்திருப்பது எம்.ஜி.ஆர். காதலை அல்ல, எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் மலையேறும் காட்சியை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டில் எவ்வளவு இனிமை! அதைக் கல்யாண வீட்டு மேடைகளில் இன்றும் பாடுகிறார்கள். கொலைசெய்யக் கூட்டிப்போகிறவனின் பாட்டு என்பது பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஞாபகமே வருவதில்லை. வில்லன் காதலின் விஷம் அப்படித்தான் வேலை செய்யும். பாட்டு நிற்கும், மலை மறந்துபோகும்.

அதே 1950இன் இறுதியில் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரை ஆரம்பித்தார். நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் நடப்பதுதான், என் கணக்கில், தமிழில் எழுதப்பட்ட ஆகச்சிறந்த ஹீரோ-வில்லி காதல். அதில் யார் ஹீரோ, யார் வில்லி என்பதையே கல்கி நழுவவிடுகிறார். காயம்பட்டுக் குடிசையில் கிடக்கும் வீரபாண்டியனைக் கொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சுகிறாள். பட்டத்து இளவரசன் தலையை வெட்டுகிறான். அதன்பிறகு அவள் செய்வதெல்லாம் சதி. ஆனால் முதல் கணக்கு அவன் பேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கடம்பூர் மாளிகையில் இருவரும் சந்திக்கும்போது ஒருவருக்கும் மற்றவர் செய்தது மறக்கவில்லை, ஆசையும் விட்டுப்போகவில்லை. அங்கே கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை திட்டமாகச் சொல்லவில்லை. மணிரத்னம் படம் 2022லும் 2023லும் இரண்டு பாகமாக வந்தபோது, அந்தச் சந்திப்புக்காகவே இரண்டாம் பாகத்துக்குப் போனேன். ஐஸ்வர்யா ராயும் விக்ரமும் பேசியதைவிடப் பேசாமல் நின்றது அதிகம். சரியான முடிவு.

சிவகாசியில் அச்சான மூன்று கேடிகள்

ரொமான்ஸ் இல்லாவிட்டாலும், வில்லன்மேல் பிரியம் வைக்க நமக்குச் சிறுவயதிலேயே பயிற்சி தந்தது சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972இல் முதல் இதழாகக் கொண்டுவந்தது ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்த லூயிஸ் க்ரான்டெல்தான் நம் மாயாவி. ஆய்வகத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனுஷன், தொடக்கக் கதையில் ஹீரோ அல்ல. கிடைத்த சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவன். பிற்பாடுதான் திருந்தி உளவாளி ஆனான்.

1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி. ஒருகாலத்தில் குற்றக் கும்பலை நடத்திப் பணம் சேர்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். அடுத்து வந்த ஸ்பைடர், தன்னைத்தானே குற்றச் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டு களமிறங்கி, பிறகு நல்லவனாகிறான். பின்னாளில் அவன் கதைகள் சிலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது சுவையான தகவல். ஆக, தமிழ்ப் பிள்ளைகள் டவுசர் பருவத்தில் கும்பிட்ட மூவரும் பழைய கேடிகள்.

பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. மும்பையில் வேட்டி கட்டிப் பறக்கும் பவித்ர் பிரபாகர், அதாவது இந்திய ஸ்பைடர்மேன், 2004இல் கோதம் காமிக்ஸ் வெளியீடாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் ஜீவன் ஜே. காங், வேலை நடந்தது இந்த ஊர்ச் சித்திரக்கூடத்தில். அதில் வரும் வில்லன் தாயத்தால் ராட்சசன் ஆனவன். ராட்சசனோடு யாரும் காதல் செய்யமுடியாது என்பதால் நம் கதைக்கு உதவமாட்டான்.

[பெட்டிச் செய்தி]
பூனைக்கு விட்ட வழி

1940 வசந்தகாலத்தில் வந்த ‘பேட்மேன்’ முதல் இதழில் நகை திருடும் ‘தி கேட்’ என்பவள் வருகிறாள். கடைசியில் அவள் தப்பிக்கப் பேட்மேனே வழிவிடுகிறான். 1954இல் அமெரிக்காவில் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தபின் கேட்வுமன் பன்னிரண்டு ஆண்டு காலம் காமிக்ஸ் பக்கங்களில் தலைகாட்டவில்லை. 2018 ஜூலையில் 50ஆம் இதழில் இருவருக்கும் கல்யாணம் என்று அறிவித்து விற்றார்கள். மணப்பெண் வரவில்லை. அவன் சந்தோஷமாகிவிட்டால் பேட்மேனாக இருக்கமாட்டான் என்பது அவள் சொன்ன காரணம். எழுதியவர் டாம் கிங். வாசகர்கள் கொதித்தார்கள். எனக்கென்னவோ, அவளும் தன் பாணியில் மரமேறிவிட்டாள் என்றே படுகிறது.

தோசை சுடும் கடத்தல்காரன்

தமிழ் உட்படப் பன்னிரண்டு இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் கதை எழுதி ஏற்றக்கூடிய பிரதிலிபி 2014இல் தொடங்கியது இதே பெங்களூரில்தான். அதுபோன்ற செயலிகளும் தளங்களும் வந்தபின், திருநெல்வேலியில் சமையல் முடித்துவிட்டு எழுதுகிறவருக்கும் ஒயிட்ஃபீல்டில் கம்பி பிடித்து வாசிக்கிறவருக்கும் நடுவே எடிட்டர் என்ற ஆசாமி இல்லாமல் போனார். இதில் நல்லது நிறைய. பெண்கள் பெண்களுக்காக எழுதிப் பெண்கள் சம்பாதிக்கிறார்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் இலக்கியவாதிகளோடு எனக்கு ஒட்டுதல் கிடையாது. ரமணிசந்திரனின் கோபக்கார நாயகர்களை வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கியவர்களின் மகள்கள்தான் இன்று ஆன்டி ஹீரோவைத் தேடுகிறார்கள்.

ஆனால் தினத்தொடர் என்ற வடிவத்துக்கு ஒரு வயிற்றுப்பாடு உண்டு. நாளைக்கும் வாசகி வரவேண்டும். நல்லவனும் நல்லவளும் காதலித்தால் குறுக்கே மாமியாரையோ ஜாதகத்தையோ கொண்டுவர வேண்டும். ஹீரோவும் வில்லனும் என்றால் குறுக்கீடு வெளியிலிருந்து வரவே வேண்டாம், அவர்களே ஒருவருக்கொருவர் குறுக்கீடு. மெட்ரோப் பெண் சொன்ன நூற்றியெண்பது எபிசோடின் பொருளாதாரம் இதுதான்.

விளைவு என்னவென்றால், நூறாவது எபிசோடில் வில்லனுக்கு ஒரு பழைய துக்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. அம்மா விட்டுப்போனாள், சித்தப்பா சொத்தைப் பிடுங்கினார். அந்தக் கண்ணீரில் கடத்தலும் கட்டிப்போட்டதும் கழுவப்பட்டுவிடுகின்றன. இதை நான் நீலிக்கண்ணீர் என்பேன். துக்கம் காரணத்தைச் சொல்லும், கணக்கை அடைக்காது. பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) இந்த வித்தியாசத்தைத் தெரிந்து எடுத்த படம். ஒரே இரவில் மின்னல் தாக்கிய இருவரில் ஒருவன் ஹீரோ, ஒருவன் வில்லன். காதல் கதை வில்லன் ஷிபுவுக்குத்தான். நம் குரு சோமசுந்தரம், காத்திருந்த பெண் தன்னை ஏற்றுக்கொண்டாள் என்று தெரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கும் அந்தக் காட்சியில் கலங்காதவர் குறைவு. அரைமணி கழித்து அவன் ஊரைக் கொளுத்த வரும்போது, அவன் தோற்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கண்ணீர் காயவில்லை, தீர்ப்பும் மாறவில்லை.

[பெட்டிச் செய்தி]
கதையில் ரொமான்ஸ், ஸ்டேஷனில் வழக்கு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி:
• விருப்பமில்லாத பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது: பிரிவு 78. முதல்முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை.
• கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது: பிரிவு 87. 10 ஆண்டு வரை சிறை, அபராதம். தோசை சுட்டுக் கொடுத்ததற்குத் தண்டனைக் குறைப்பு எதுவும் சொல்லப்படவில்லை.

வில்லன் எந்த ஊர்க்காரன்?

‘லோகா’ ஓடிக்கொண்டிருந்தபோதே, 2025 செப்டம்பர் முதல் வாரத்தில், அதிலிருந்த ஒரு வசனம் கர்நாடக மக்களைப் புண்படுத்திவிட்டது என்று எதிர்ப்புக் கிளம்பியது. தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, வசனத்தை நீக்கவோ திருத்தவோ செய்வதாக அறிவித்தது. வேற்றுமொழிக்காரர்கள் வந்து குடியேறிய ஊரில் கதை எழுதுகிறவருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் சங்கதி. வில்லன் கன்னடம் பேசினால் இங்கே கோபம், தமிழ் பேசினால் ஓசூருக்கு அந்தப்பக்கம் கோபம், தெலுங்கு பேசினால் கேட்கவே வேண்டாம். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. சென்னையில் சர்வக்ஞர் சிலை திறந்ததும் அதே மாதம்தான். எதிரெதிரே நிற்கிறவர்கள் கைகொடுக்க இவ்வளவு காலம் பிடிக்கிற ஊரில், ஹீரோவும் வில்லனும் ஐந்தாவது எபிசோடில் கட்டிப்பிடிப்பது நம்பும்படியாக இல்லை.

அதனால் என் கதைக்கு வேறு வில்லன் பிடித்தேன். ஆம், நானும் எழுதிப் பார்க்கிறேன். இத்தனை பேரைக் குறைசொல்லிவிட்டு எழுதாமல் இருந்தால் மரியாதை இல்லை.

2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். நுரை பொங்கிய பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றி எரிந்ததையும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எரியும் ஊருக்கு சூப்பர் பவர் கற்பனை செய்வது கஷ்டமா? என் நாயகி குடிநீர் வாரியப் பொறியாளர். கையை நீட்டினால் வெள்ளம் நிற்கும். அவன் மண்ணை நகர்த்துகிறவன். ஏரியையும் ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாயையும் ஒரே இரவில் மேடாக்கி மனை போட்டு விற்கிறான். இருவருக்கும் காதல்.

முதல் வரைவில் நானும் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் செய்தேன். அவன் அப்பாவின் நிலத்தை லேஅவுட்காரர்கள் பிடுங்கியதாக ஒரு சோகம் வைத்தேன். வாசித்த தோழிக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே அவன்மேல் உருகிவிட்டது. “பாவம்டீ அவன்” என்றாள். தரைத்தளத்தில் இருக்கும் ராய்ச்சூர்க்காரக் காவலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் அந்த மனிதரின் பிரிட்ஜும் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் போயிருந்தன. எழுதிய எனக்கே அவர் ஞாபகத்தில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குற்றம் செய்தவனுக்கு முகம், பேர், பால்யம், மணிக்கட்டில் தழும்பு எல்லாம் கொடுத்திருந்தேன். குற்றம் போய்ச் சேர்ந்த வீட்டுக்குக் கதவு எண்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வரைவில் சோகத்தை எடுத்துவிட்டேன். காவலாளியின் மகளுக்கு ஒரு அத்தியாயம் முழுதாக எழுதினேன். டூப்ளிகேட் மதிப்பெண் பட்டியலுக்கு அவள் எத்தனை வரிசையில் நின்றாள் என்பது மட்டும்தான் அதில் நடக்கிறது. பிறகு நாயகி குடியிருக்கும் ஃப்ளாட்டும் அவன் மேடாக்கிய ஏரிமேல்தான் இருக்கிறது என்று வைத்தேன். வெள்ளத்தை நிறுத்தும் கை, அந்த வெள்ளத்துக்குக் காரணமான தரையில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் ஒன்றும் அதிசயமில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. இதைத் தட்டச்சு செய்யும் மேசைக்கு அடியில் ஒருகாலத்தில் என்ன இருந்தது என்று என் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதே இல்லை.

மெட்ரோப் பெண்ணின் கேள்விக்கு எனக்கு இப்போது பதில் உண்டு: புடிச்சிருந்துச்சும்மா. மூன்று சுற்று எதற்கு என்று நினைத்தாய்? தள்ளிவிட ஒரு சுற்றே போதும். மற்ற இரண்டும் அவள் தனக்காகக் கேட்டு வாங்கியது.

ஆறாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறேன். மூன்றாவது மாடியில் அவன் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கிறான். தரைத்தளத்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை.